நடுக்கத்துக்குக் காட்டிய சூடம்

என்னைக் குடிகாரன் என்று ஏசியவர்கள்மேல் எனக்குக் கோபம் கிடையாது. அவர்கள் சொன்னது உண்மை. என்னைச் சாமி என்று கும்பிட்டார்களே, அவர்கள்மேல்தான் ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. இதை எழுதும்போதுகூட வலது உள்ளங்கையில் அந்தத் தழும்பு இழுக்கிறது. சூடம் வைத்த தழும்பு. வைத்தவர்கள் ஒன்றும் கெட்டவர்கள் இல்லை. இன்றைக்கும் எதிரே பார்த்தால் "ஏனுங்க, சௌக்கியமுங்களா" என்று நின்று கேட்டுவிட்டுப் போகிறவர்கள். அதனால்தான் கூடுதலாக எரிகிறது.

கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். இரண்டு லேத், ஒரு டிரில்லிங் மெஷின். பம்பு மோட்டாருக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுப்பது வேலை. பட்டறைக்குப் பின்னாலேயே வீடு. மகளைத் திருப்பூரில் கட்டிக்கொடுத்துவிட்டோம். வீட்டில் நானும் என் மனைவியும்தான். குடி எனக்கு ஊரில் எல்லோருக்கும் வருவதுபோலத்தான் வந்தது. முதலில் ஞாயிற்றுக்கிழமை, அப்புறம் தினமும் சாயங்காலம், அப்புறம் மத்தியானச் சோற்றுக்கு முன்னால். கடைசியில் காலையில் ஒரு கட்டிங் உள்ளே போனால்தான் அளவு பார்க்கிற மைக்ரோமீட்டரைப் பிடிக்க விரல் நிற்கும் என்கிற நிலைமை.

இருந்தும் நான் குடிகாரன் இல்லை என்பதற்கு என்னிடம் ஒரு அத்தாட்சி இருந்தது. ஒவ்வொரு வருஷமும் கார்த்திகை ஒன்றாம் தேதி மாலை போடுவேன். கறுப்பு வேட்டி, வெறுங்கால், இரண்டு வேளைக் குளியல், நாற்பத்தெட்டு நாள். அந்த நாற்பத்தெட்டு நாளும் சொட்டுத் தொட மாட்டேன். பதினோரு வருஷம் அப்படி. யாராவது குடியைப் பற்றி வாயெடுத்தால் உடனே அதைத்தான் எடுத்து வீசுவேன். "நாப்பத்தெட்டு நாள் கையில தொடறதில்லீங்க. குடிகாரனா இருந்தா முடியுங்களா?" கேட்டவரும் தலையாட்டிவிட்டுப் போவார். மலையிலிருந்து இறங்கி மாலை கழற்றிய அன்றைக்கே, வேன் பாலக்காடு தாண்டுவதற்குள் என் கை எதைத் தேடும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலையை ஒருத்தன் தனியாகச் செய்ய முடியாது. சோறு போட நாலு பேர் வேண்டும்.

என் மனைவி மட்டும் தலையாட்ட மாட்டாள். "அது நிறுத்தறது இல்லீங்க. தள்ளி வெக்கறது," என்பாள். அந்த வருஷம் ஐப்பசியில், குடிக்கு வைத்தியம் பார்க்கிற வார்டு உள்ள ஒரு ஆஸ்பத்திரியை அவளே விசாரித்து, டாக்டரைப் பார்க்க நாளும் குறித்து வந்தாள்.

"பைத்தியத்துக்குப் பாக்கற டாக்டர்கிட்ட நான் போகோணுமா? என்னை என்னன்னு நெனச்சே?" என்று கத்தினேன்.

"சீக்குக்குப் பாக்கற டாக்டருங்க," என்றாள்.

"கார்த்திகை வரட்டும். மாலை போட்டா எல்லாம் சரியாப்போகும்."

குறித்த நாளில் அவள் மட்டும் போய்விட்டு வந்தாள். நான் பாரில் இருந்தேன். நாற்பத்தெட்டு நாளைக்குக் கிடையாதே என்று அந்த ஐப்பசி முழுக்க இரண்டு வருஷத்துக்குச் சேர்த்துக் குடித்தேன். கார்த்திகை பிறப்பதற்கு முந்தின நாள் சாயங்காலம் வரை குடித்துவிட்டு, மறுநாள் விடிந்ததும் குளித்து, பிள்ளையார் கோயிலில் குருசாமி கையால் மாலை போட்டுக்கொண்டேன். குருசாமி மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்கள் தெருவிலிருந்து மலைக்குப் போகிறவர்களை வருஷம் தவறாமல் கூட்டிப்போகிறவர்.

முந்தின வருஷங்களிலும் முதல் இரண்டு நாள் கை ஆடும். பச்சைத்தண்ணியில் குளித்தது ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிக்கொள்வேன். இந்தத் தடவை இரண்டாம் நாளே உடம்பு முழுக்க வேர்த்தது, சோறு இறங்கவில்லை, தூக்கமே இல்லை. மனைவி பயந்தாள். "டாக்டரை ஒருக்கா பாத்துப்போட்டு வந்தர்லாம்," என்றாள். மாலை போட்ட ஆளை ஆஸ்பத்திரிக்குக் கூப்பிடுகிறாயே என்று அதற்கும் எரிந்து விழுந்தேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் எதிர்வீட்டில் பஜனை. மாலை போட்டவர்கள் ஏழெட்டுப் பேர், தெருக்காரர்கள் இருபது முப்பது பேர். என் மனைவி வீட்டில் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தாள். நடந்ததில் பாதி எனக்கு ஞாபகம் இருக்கிறது, மீதி அவள் சொல்லித் தெரியும். விளக்கேற்றத் தீப்பெட்டியை எடுத்தேன். குச்சி உரசவே முடியவில்லை, இரண்டு கையும் அப்படி உதறியது. நிமிர்ந்து சுவரைப் பார்த்தால் இரும்புச் சுருள் ஊர்கிறது. லேத்தில் கடையும்போது உதிருமே, அந்தச் சுருள். உயிர் வந்து பூரான் மாதிரி கூட்டம் கூட்டமாகச் சுவரேறிப் போகிறது. சரண கோஷம் எல்லாம் எனக்கு லேத் ஓடுகிற சத்தமாகக் கேட்டது.

"கதவைச் சாத்துங்க. வர்றாங்க," என்று நான் அலறினேனாம்.

"யாருங்க சாமி வர்றாங்க?" என்று எதிர்வீட்டம்மா கை கூப்பிக் கேட்டிருக்கிறார்.

"கெணத்துல இருந்து வர்றாங்க. ஏறி வர்றாங்க."

அவ்வளவுதான். தெருவில் ஒருத்தர் சரவணம்பட்டிப் பக்கம் பழைய கிணறு ஒன்று இருந்த சைட்டை வாங்க இருந்தார். சாமி வாக்குக் கொடுத்துவிட்டது, அந்தச் சைட்டு ஆகாது என்று அங்கேயே முடிவு செய்தார். இன்னொருத்தர் தன் பிள்ளைக்கு எப்போது கல்யாணம் ஆகும் என்று கேட்டார். நான் சுவரைக் காட்டி ஏதோ சொன்னேன். அதற்கும் தை மாசம் என்று அர்த்தம் கண்டுபிடித்தார்கள். கேப்பையில் நெய் வடிகிறது என்றால் கேட்கிறவனுக்குப் புத்தி எங்கே போச்சு? இரண்டு மூன்று பேர் காலில் விழுந்தார்கள். பத்து வருஷமாக என்னோடு பார் பெஞ்சில் உட்கார்ந்தவர்களும் அதில் உண்டு. என் கை ஏன் ஆடுகிறது என்று அவர்களுக்குத் தெரியாதா? அவர்கள் கை ஆடியதே இல்லையா?

வந்தது சாமிதானா, வெறும் வேஷமா என்று பார்க்க எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. உள்ளங்கையில் சூடத்தை வைத்துக் கொளுத்துவார்கள். சாமியானால் சுடாது. யாரோ என் கையை விரித்துப் பிடித்தார்கள், யாரோ சூடம் வைத்தார்கள். அது எரிந்தது. நான் கையை உதறவில்லை, கத்தவும் இல்லை. எனக்குத்தான் சுவரிலிருந்து பூரான் இறங்கிக்கொண்டிருந்ததே, கை சுடுவது எங்கே தெரியப்போகிறது? ஆகவே சாமிதான் என்று தீர்ப்பாகிவிட்டது.

அந்த நேரத்தில் என் மனைவி சுண்டல் போசியோடு உள்ளே வந்திருக்கிறாள். போசியைக் கீழே வைத்துவிட்டு, கூட்டத்தை இரண்டு பக்கமும் தள்ளி வந்து, என் கையிலிருந்த சூடத்தைத் தன் கையாலேயே தட்டிவிட்டாள்.

"சாமியும் இல்லை, ஒண்ணும் இல்லை. குடியை நிறுத்தி மூணு நாளாச்சு, ஒடம்பு உதறுது. யாராச்சும் ஆட்டோ கூப்புடுங்க."

"அம்மணி, வாயை அடக்கிப் பேசு. சாமி குத்தம் ஆயிரும்," என்றார் எதிர்வீட்டம்மா.

ஒருத்தரும் ஆட்டோ கூப்பிடவில்லை. அப்புறம் எனக்கு வலிப்பு வந்து கீழே விழுந்தேன், நாக்கைக் கடித்து வாயில் ரத்தம் வந்தது. அதையும் பார்த்துக்கொண்டு நின்றார்களாம், சாமி மலையேறுகிறது என்று. குருசாமி ஒருவர்தான் ஓடிப்போய் ஆட்டோவை நிறுத்தினார். ஏற்றியதும் என் கழுத்திலிருந்து மாலையைத் தானே கழற்றினார். "உசுருக்கு மிஞ்சி விரதம் இல்லீங்க அம்மணி. நீங்க வெசனப்படாதீங்க," என்று அவளிடம் சொல்லியிருக்கிறார். அந்த மனுஷருக்கு நான் ஆயுசுக்கும் கடமைப்பட்டவன்.

ஆஸ்பத்திரியில் சேர்த்து நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ எனக்குத் தெளிந்தது. கட்டிலோடு கையைத் துணியால் கட்டியிருந்தார்கள். டாக்டர் என் மகளைவிடக் கொஞ்சம்தான் மூத்தவராக இருப்பார். சுற்றி வளைக்காமல் சொன்னார். வருஷக்கணக்காகத் தினமும் குடிக்கிற உடம்பு, திடீரென்று நிறுத்தினால் இப்படித்தான் உதறும், இல்லாதது எல்லாம் கண்ணில் தெரியும், சிலருக்கு உயிரே போகும். "நிறுத்துனது தப்பில்லைங்க. எங்ககிட்டச் சொல்லாம நிறுத்துனதுதான் தப்பு. இன்னொருக்கா இப்படி வந்தீங்கன்னா நான் உறுதி சொல்ல முடியாது."

பிறகு ஒரு பேப்பரை நீட்டினார். மூன்று வாரம் வார்டில் இருக்க வேண்டும், அதற்கப்புறம் மாத்திரை, மாதாமாதம் வந்து உட்கார்ந்து பேச வேண்டும். சம்மதம் என்று நான் கையெழுத்துப் போட வேண்டும்.

"என் சம்சாரம் போடுவாங்க," என்றேன்.

"அவங்க போட்டாச் செல்லாதுங்க. சீக்கு வந்தது உங்க குத்தம்னு நான் சொல்ல மாட்டேன். வைத்தியம் பாக்கறதா வேண்டாமாங்கறது உங்க பொறுப்பு."

நான் அவரிடம் திருப்பிக் கேட்டது என்ன தெரியுமா? டிஸ்சார்ஜ் சீட்டில் விஷக்காய்ச்சல் என்று எழுதித் தர முடியுமா என்று. முடியாது என்றார். பேப்பரை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, யோசித்துச் சொல்கிறேன் என்று வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வீட்டு வாசலில் பழத்தட்டோடு ஆள் நின்றது.

நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தெரு உட்கார்ந்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருந்தது. வந்தது ஐயப்பன் இல்லையாம். ஐயப்பனாக இருந்தால் மாலை கழுத்தில் தங்கியிருக்குமாம். வந்தது கருப்பனாம், அதனால்தான் அவ்வளவு ஆவேசமாம். நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஏன் சொல்வேன்? ஆஸ்பத்திரியில் நான் நோயாளி, பட்டறையில் கை நடுங்குகிற லேத்துக்காரன், இங்கே சாமி. எதிர்வீட்டம்மா பேத்திக்கு விபூதி போட்டுவிடச் சொன்னார், போட்டுவிட்டேன். உடம்பு எப்படி இருக்கிறது என்று மட்டும் ஒருத்தரும் கேட்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம், பட்டறை முன்னறையில் என்னைப் பலகைமேல் உட்காரவைத்து, எதிரே இலை போட்டுப் படைத்தார்கள். எலுமிச்சம்பழம், சுருட்டு, பொரிகடலை, ஒரு குவார்ட்டர் பாட்டில். கருப்பனுக்கு அதுதானே படையல். மூடியைத் திருகி டம்ளரில் ஊற்றி, இரண்டு கையாலும் பயபக்தியோடு நீட்டினார்கள். குடியால் வலிப்பு வந்து செத்துப் பிழைத்து ஒன்பது நாள் ஆன ஒரு மனுஷனுக்கு. எனக்குக் கருப்பன்மேல் ஒரு வழக்கும் கிடையாது, இன்றைக்கும் அவர் கோயிலைத் தாண்டும்போது செருப்பைக் கழற்றுகிறவன் நான். அவர் பெயரைச் சொல்லி அந்த டம்ளரை நீட்டியவர்களை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

எரிந்து என்ன செய்ய? அவர்கள் நீட்டினார்கள், என் வாயைப் பிளந்து யாரும் ஊற்றவில்லை. சட்டைப் பையில் அந்தப் பேப்பர் இருந்தது. டாக்டர் சொன்னது காதில் இருந்தது. டம்ளரைத் தூக்கியது என் கை, குடித்தது நான். யாராவது என்னைத் திட்ட வேண்டும் என்றால் அந்த இடத்தில் திட்டலாம்.

குருசாமி அன்றிலிருந்து எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. மனைவி எனக்குச் சோற்றை வைத்துவிட்டு வாசலுக்குப் போய்விடுவாள். அந்த வாரம் முழுக்கச் சாமிக்கு என்று பாட்டில் வந்துகொண்டே இருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை கூட்டம் இன்னும் அதிகம். பக்கத்துத் தெருவிலிருந்தெல்லாம் வந்திருந்தார்கள். டம்ளர் எதிரே நிறைந்து நின்றது, வாக்குக் கேட்கிறவர்கள் ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்து எழுந்தார்கள். கடைசியில் என் மனைவி வந்தாள். வீட்டில் கட்டுகிற அதே புடவை, கையில் ஒரு எலுமிச்சம்பழம். எல்லோரையும்போல எனக்கு எதிரே உட்கார்ந்து, பழத்தை இலையில் வைத்துக் கை கூப்பினாள். முப்பது வருஷத்தில் அவள் என்னை அப்படிக் கும்பிட்டதில்லை.

"சாமி, எனக்கொரு வாக்குச் சொல்லோணுங்க," என்றாள்.

டம்ளரிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தேன்.

"என்ர ஊட்டுக்காரரு குடிக்கறாருங்க. இன்னொருக்கா வலிப்பு வந்தா ஆள் தங்க மாட்டாருன்னு டாக்டரு சொல்லிப்போட்டாங்க. ஒரு பேப்பர் குடுத்தாங்க, அதை மடிச்சுப் பையில வெச்சுட்டுத் திரியறாரு. அவரு பொழைப்பாருங்களா? இல்லை, நான் இப்பவே என்ர புள்ள ஊட்டுக்குப் போயிரட்டுங்களா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. நீங்க சொல்றபடி கேட்டுக்கறேன்."

அவள் அழவில்லை, குரலும் உயரவில்லை. அறையில் இருந்த அத்தனை பேரும் என் வாயைப் பார்த்தார்கள். இதுவரை கிணறு என்றும் தை மாசம் என்றும் வாய்க்கு வந்ததைச் சொன்னவன் நான். பொழைப்பார் என்று சாமியாகச் சொல்லிவிட்டு அந்த டம்ளரை எடுக்க என்னால் முடியவில்லை. போ என்று சொல்லவும் முடியவில்லை.

"நான் சாமி இல்லீங்க," என்றேன். "எனக்குச் சாமியே வரலைங்க. அன்னிக்கு வந்தது குடி நிறுத்துன நடுக்கம். நான் குடிகாரனுங்க. பொழைப்பனா இல்லையான்னு எனக்கே தெரியலைங்க. நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போறேன்."

வாழ்க்கையில் முதல் தடவையாக நாலு பேர் முன்னால் ஓர் உண்மையைச் சொல்கிறேன். எதிர்வீட்டம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். "சாமி நம்மளைச் சோதிக்குதுங்க," என்றார். பின்னால் நின்றவர்கள் ஆமாம் என்றார்கள். ஒருத்தர் டம்ளரை இன்னும் கொஞ்சம் என் பக்கம் நகர்த்தி வைத்தார். இவர்களை என்ன செய்வது, சொல்லுங்கள். எழுந்து, டம்ளரை எடுத்துப்போய் வாசல் சாக்கடையில் கவிழ்த்தேன். அதற்கப்புறம்தான் கூட்டம் முணுமுணுத்துக்கொண்டு கலைந்தது.

மறுநாள் காலையில் மனைவியைக் கூட வரச் சொன்னேன். "இத்தன நாள் உங்களுக்காக நான் போனனுங்க. இந்தத் தடவை நீங்க போங்க," என்றாள். துண்டும் இரண்டு லுங்கியும் பையில் வைத்துக் கொடுத்தாள், அவ்வளவுதான்.

காந்திபுரத்தில் பஸ் மாற வேண்டும். காலை நேரத்திலேயே எந்தச் சந்தில் கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். உடம்பு கேட்டது. அந்தச் சந்தைப் பார்த்து இருபது முப்பது அடி நடந்தேன், பொய் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. அவள் எலுமிச்சம்பழத்தோடு உட்கார்ந்திருந்தது ஞாபகம் வந்தது. திரும்பி வந்து அடுத்த பஸ்ஸில் ஏறினேன்.

வார்டில் நர்ஸம்மா நோட்டைப் பிரித்து, "கூட வந்திருக்கறது யாருங்க?" என்று கேட்டார்.

"யாரும் வரலைங்க. நானாத்தான் வந்தேன்," என்றேன். பையிலிருந்த பேப்பர் மடிப்பில் கிழிந்திருந்தது. புதிதாக ஒன்று கொடுத்தார்கள். உள்ளங்கைப் புண் ஆறவில்லை, பேனாவைப் பிடித்தால் வலித்தது, எழுத்து கோணலாக வந்தது. போட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு நடந்தது சுலபம் என்று யாரும் நினைக்க வேண்டாம். மூன்று வாரம் நான் அங்கே எல்லோர்மேலும் எரிந்து விழுந்தேன். வெளியே வந்த ஏழாம் மாசம், மகள் வீட்டு விசேஷத்தில் ஒரு தடவை வழுக்கினேன். மறுநாள் நானே போய் டாக்டரிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை, மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். அதற்கப்புறம் இரண்டு வருஷம் ஓடிவிட்டது. மாத்திரையை மனைவி எடுத்துத் தருவதில்லை, காலையில் பல் தேய்த்ததும் நானே எடுத்துப் போட்டுக்கொள்கிறேன். மாலையும் போடுவதில்லை. நாற்பத்தெட்டு நாள் கணக்கு எனக்கு ஒத்துவராது என்று குருசாமியிடமே சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, வீட்டுக்குள் வந்து காப்பி குடித்துப் போனார்.

தெரு மட்டும் இன்னும் மன்னிக்கவில்லை. என்னை இல்லை, அவளை. சாமி இருந்த ஆளை ஆஸ்பத்திரியில் போட்டு ஊசி குத்தி விரட்டிவிட்டாளாம். எதிர்வீட்டு மகள் வளைகாப்புக்குத் தெருவில் எல்லா வீட்டுக்கும் சொன்னார்கள், அவளுக்குச் சொல்லவில்லை. நான் குடித்துவிட்டு வாசலில் விழுந்து கிடந்த நாளில்கூட அவளை இப்படித் தள்ளிவைத்ததில்லை. புருஷன் பிழைத்தது அவ்வளவு பெரிய குற்றமா? எத்தனையோ தடவை போய்க் கேட்டுவிடலாம் என்று கிளம்பியிருக்கிறேன். அவள்தான் உட்கார வைத்துவிடுவாள்.

போன மாசம் ஒரு வெள்ளிக்கிழமை, எதிர்வீட்டம்மா பழத்தட்டோடு எங்கள் வாசலுக்கு வந்தார். நான் உள்ளே லேத்தில் இருந்தேன், மனைவி வாசலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"ஏனுங் அம்மணி, இப்பல்லாம் ஊட்டுல சாமி வர்றதே இல்லீங்களா?" என்று அந்தம்மா தணிந்த குரலில் கேட்டார்.

நான் மெஷினை நிறுத்தினேன். என் மனைவி கழுவுவதை நிறுத்தவில்லை.

"இல்லீங்க. மனுசன்தான் இருக்காரு. பேசோணும்னா உள்ள போய்ப் பேசுங்க," என்றாள்.

அந்தம்மா கதவு வரை வந்து என்னைப் பார்த்தார். நான் வாங்க என்றேன். லேத்தையும் என் எண்ணெய்க் கையையும் பார்த்துவிட்டு, பழத்தட்டை எடுத்துக்கொண்டு திரும்பிப் போனார்.